நான்கு மணி நேரத் தபால் நிலையம்



கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்னரே ஜீப்புகள் குமுளி மலையேறத் தொடங்கிவிடுகின்றன. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் செல்லும் நம் தாய்மார் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். மாலையில் அவர்கள் இறங்கும் வேளையில் ஊர்த் தபால் நிலையம் பூட்டிக் கிடக்கும். போஸ்ட்மாஸ்டரை நொந்துகொள்ளுமுன் அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் போன்ற ஊர்களின் அஞ்சலகங்களில் இலாகாவின் முழுநேர ஊழியர் பணிபுரிகின்றனர். சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிளை அஞ்சலகங்களோ வேறு வகை. இந்தியாவின் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் பெரும்பாலானவை இவ்வகையே. இவற்றை நடத்துவோர் முன்பு ‘இ.டி.’ ஊழியர் எனப்பட்டனர். இன்று கிராமிய அஞ்சல் ஊழியர் எனப்படுகின்றனர். பெயர் மாறிற்று, முறை மாறவில்லை.

வெள்ளையர் காலத்தில் பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ தம் வேலைக்கிடையே தபாலையும் கவனித்துச் சிறு படி பெற்று வந்தார். வேறு வருமானம் உள்ளவர் செய்யும் உபதொழில் என்ற அந்த எண்ணமே இன்றும் விதியாக நிற்கிறது. பணியில் சேருவோர் தம் பிழைப்புக்கு வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும். போஸ்ட்மாஸ்டரானால் அலுவலகத்துக்கு இடமும் அவரே காட்ட வேண்டும். வேலை நேரம் நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி. ஆனால் சேமிப்புக் கணக்கு, செல்வமகள் திட்டம், 1995 முதல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு, 2018 முதல் அஞ்சல் வங்கி என்று சுமை ஏறிக்கொண்டே போகிறது. காப்பீட்டுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாக அலையும் நேரத்தை எந்தக் கடிகாரம் கணக்கிடுகிறது?

இவர்கள் வகிப்பது அரசுப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. ஆயினும் முழுநேர ஊழியருக்குரிய ஊதியமும் ஓய்வூதியமும் இவர்களுக்குக் கிட்டவில்லை. கமலேஷ் சந்திரா குழு 2016-ல் அறிக்கை தந்தது. அது கிடப்பில் கிடக்கவே, 2018 மே 22 முதல் நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 6-ல்தான் மத்திய அமைச்சரவை இசைந்தது. கிளைப் போஸ்ட்மாஸ்டருக்கு நான்கு மணி நேரத்துக்குத் தொடக்கத் தொகை 12,000 ரூபாய், ஐந்து மணிக்கு 14,500. உதவியாளருக்கு 10,000, 12,000. அகவிலைப்படி தனி. பணிக்கொடைக்கோ 1,50,000 ரூபாயே உச்சவரம்பு. அறுபத்தைந்து வயது வரை உழைத்தவருக்கு இது எத்தனை நாள் காணும்?

ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தேர்வு நடைபெறுகிறது. மிகுந்த மதிப்பெண் பெற்ற பட்டதாரிகள் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். பணியிடத்து ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக, வீட்டுக்கு அனுப்ப அவர்களிடம் என்ன மிஞ்சும்? வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. காலியிடத்தை அடுத்த ஊர் ஊழியர் சேர்த்துப் பார்க்கிறார். இரண்டு ஊர்த் தபாலும் பிந்துகிறது.

நான்கா ஐந்தா என்பதை அலுவலகத்தின் வேலைப் பளுவே தீர்மானிக்கிறது. ஆகவே நகரத்து வங்கிக்குப் பேருந்தேறும் நம் குடும்பங்கள், ஒரு கணக்கையேனும் உள்ளூர் அஞ்சலகத்தில் வைக்கலாம். பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் அதற்கு வரிசையில் நிற்க வேண்டிய தொல்லைகூட இல்லை. காலை வேளையில் சென்றால் போதும்.