பிரம்புக்குப் பக்கத்தில் ஓர் ஆப்பிள்

குடும்ப ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. அப்பா கண்களை மூடி உருக்கமாக ஜெபிக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டிக்கு விக்கல் வருகிறது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு வைக்கிறாள். ஆமென் சொன்னதும் அப்பாவின் அதட்டல்: "ஜெபத்துல என்ன சிரிப்பு?"

பல கிறிஸ்தவ வீடுகளில் பழகிய காட்சி இது. பிள்ளைகள் பயபக்தியோடு வளர வேண்டுமே என்ற கவலை பெற்றோருக்கு. ஆனால் பயம் மட்டும் தங்கி, பக்தி போய்விட்டால்? அந்த ஆபத்தைத் தன் மேல் விழுந்த அடியிலேயே அறிந்துகொண்ட தகப்பன் ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். அவர் மார்ட்டின் லூத்தர்.

சிறுவயதில் ஒரே ஒரு கொட்டைப் பருப்பை எடுத்ததற்காக, ரத்தம் வரும்வரை அம்மா அடித்ததை லூத்தர் கடைசிவரை மறக்கவில்லை. அப்பா ஒருமுறை அடித்த அடியில் பிள்ளை அவரைக் கண்டாலே விலகி ஓடினான். பெற்றோர் தன் நன்மையை நினைத்துத்தான் கண்டித்தார்கள் என்று லூத்தரே பிற்காலத்தில் சொன்னார். ஆனாலும் அந்தக் கண்டிப்பு தன்னைக் கோழையாக்கியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிரம்பு இருக்கட்டும், அதன் பக்கத்தில் ஓர் ஆப்பிளும் இருக்க வேண்டும் என்பதே அவர் கற்ற பாடம்.

1525-ல், 41 வயதில், முன்னாள் கன்னியாஸ்திரியான கேத்தரீனாவை அவர் மணந்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். விட்டன்பர்க்கில் அவர்கள் குடியிருந்த பழைய மடத்தில் உறவினர்கள், மாணவர்கள், விருந்தாளிகள் என்று எப்போதும் கூட்டம். தோட்டம், ஆடுமாடு, வரவுசெலவு எல்லாவற்றையும் கட்டி ஆண்ட மனைவியை 'எஜமான் கேத்தி' என்று அவர் கேலியாக அழைப்பார். லூட் என்ற நரம்பிசைக் கருவியை அவர் மீட்ட, வீடே சேர்ந்து பாடும்.

திருமணத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1522-ல், இல்லறம் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனை ஊர் கேலி செய்யலாம். ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்தால், கடவுளும் தேவதூதர்களும் மகிழ்ந்து புன்னகைப்பார்கள் என்பது அதில் அவர் சொன்ன கருத்து.

ஆனால் கஷ்டமே இல்லாத வீட்டில் எழுந்த சிரிப்பல்ல அது. இரண்டாவது குழந்தை எலிசபெத் 1528-ல் எட்டு மாதத்தில் இறந்துபோனாள். 1530-ல் ஆக்ஸ்பர்க் நகரில் திருச்சபையின் எதிர்காலம் பற்றிப் பேச்சு நடந்தபோது, பேரரசரின் தடை இருந்ததால் லூத்தர் அங்கே போக முடியவில்லை. கோபர்க் கோட்டையில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். ஜூன் தொடக்கத்தில், அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி அங்கே வந்தது. சிறுவயதில் அடித்த அதே அப்பாதான். லூத்தர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார்.

இரண்டு வாரம் கழித்து, நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதில் துக்கமும் இல்லை, அரசியலும் இல்லை. ஓர் அழகான தோட்டம் இருந்தது. அங்கே பிள்ளைகள் ஆப்பிள், பேரிக்காய், செர்ரி எல்லாம் பொறுக்குகிறார்கள், பாடுகிறார்கள், குதிக்கிறார்கள். பொன் கடிவாளமும் வெள்ளிச் சேணமும் பூட்டிய குட்டிக் குதிரைகள் நிற்கின்றன. ஜெபித்து, நன்றாகப் படித்து, நல்ல பிள்ளையாக இருந்தால் ஹான்ஸும் வரலாம். கூட்டாளிகளையும், வீட்டில் இருக்கும் லேனா பாட்டியையும்கூடக் கூட்டிவரலாம்!

ஒரு பருப்புக்காக அடிவாங்கிய பிள்ளை, தன் பிள்ளைக்கு ஒரு தோட்டப் பழங்களையே கொடுத்தார். ஜெபம், படிப்பு, ஒழுக்கம் எதையும் அவர் விட்டுவிடவில்லை. கடவுளிடம் போகும் வழியைப் பிள்ளை ஆசைப்படும்படி காட்டினார், அவ்வளவுதான்.

அதனால் அவர் குறையே இல்லாத தகப்பன் ஆகிவிடவில்லை. இதே ஹான்ஸ் வளர்ந்தபின் தவறு செய்தபோது, மூன்று நாள் அவனைத் தன் முன்னால் வரவிடவில்லை. கேத்தரீனா பரிந்து பேசியும் இளகவில்லை. வாங்கி வளர்ந்த பிரம்பு அவ்வளவு எளிதில் கையைவிட்டுப் போவதில்லை. 1542-ல் 13 வயது மகள் மக்தலேனா இறந்தபோது, அவளைக் கையில் ஏந்தி அழுத தகப்பனும் அவரே. வீட்டின் சிரிப்பு அழுகைக்கு மாற்று அல்ல. அழவேண்டிய நாளில் சேர்ந்து அழக்கூடிய உறவை அதுதான் வளர்க்கிறது.

ஆபிரகாமின் நூறாவது வயதில் பிறந்த பிள்ளைக்கு வைத்த ஈசாக்கு என்ற பெயருக்கே சிரிப்பு என்றுதான் பொருள். வாக்குத்தத்தத்தின் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கூடாரத்தில் சிரிப்பு என்ற சொல் ஒலித்திருக்கும்.

இன்று இரவு கடைக்குட்டிக்கு மறுபடி விக்கல் வரலாம். அப்பா ஒரு நிமிடம் ஜெபத்தை நிறுத்தி, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, கூடவே சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆமென் அப்போது எல்லார் வாயிலிருந்தும் சத்தமாக வரும்.