எலிக்கு வந்தால் மனிதனுக்கும் வருமா?

"இந்தப் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது" என்று ஒரு செய்தி வந்தால் போதும்! பாதிப் பேர் பயந்துபோய் அந்தப் பொருளையே தொடுவதில்லை. மீதிப் பேர் "எலி வேறு, மனுஷன் வேறு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள்.

புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வரப் புகைக்கரியே காரணம் என்று 1775-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். சோதனைக்கூடத்தில் அதற்கு ஆதாரம் கிடைக்க 140 ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் தடவி, அங்கே புற்றுநோய் வருவதை 1915-ல் காட்டினார்கள். 1933-ல் லண்டன் விஞ்ஞானிகள் தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தார்கள். சிகரெட் புகையிலும் இதே பொருள் இருக்கிறது. ஆக, முயல் சொன்னது மனிதனுக்கும் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் சாக்கரின் கதை வேறு. அதை மிக அதிக அளவில் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. 1977-ல் அமெரிக்காவில் சாக்கரின் கலந்த பொருட்களில் எச்சரிக்கை அச்சிடச் சட்டம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் அதில் படிவுகள் உண்டாகி, அவை சிறுநீர்ப்பையைப் புண்ணாக்குகின்றன என்று. மனிதனிடம் அது நடப்பதில்லை. 2000-ல் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

இதைப் பிடித்துக்கொண்டு விலங்குச் சோதனையே வீண் என்று சொல்லலாமா? கூடாது. சாயத் தொழிலில் பயன்பட்ட 2-நாப்தைலமீனை எடுத்துக்கொள்ளுங்கள். எலிகளிடம் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயை எளிதில் உண்டாக்கவில்லை. 1938-ல் ஹூப்பர் என்பவர் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவற்றுக்கு வந்தது. சாயத் தொழிலாளர்களுக்கு வந்ததும் அதே நோய்தான். எலியை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தொழிலாளர்களின் நிலை என்ன?

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எந்த விலங்கு? எவ்வளவு அளவு? உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது? மனிதர்களிடம் ஆதாரம் உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்லாத செய்தியை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். கூண்டில் நோய் வாங்கிச் செத்த உயிர்களுக்கு, அந்த முடிவுகளை ஒழுங்காகப் படிப்பதுதான் குறைந்தபட்ச மரியாதை!