மணலும் குளோரைடும்

தில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி, அர்த்தசாஸ்திரத்தின் ஆசிரியராகக் கருதப்படும் சாணக்கியரின் பெயரைத் தாங்கியது. சுரங்கங்களுக்கெனத் தனி அதிகாரியை வகுத்து, அவற்றையே கருவூலத்தின் ஊற்றாகக் கண்டது அந்நூல். இன்றோ, தோண்டி எடுப்பதோடு நின்றுவிடும் நாட்டின் கருவூலம் நிறைவதில்லை. டைட்டானியமே இதற்குச் சான்று.

2023இல் இந்திய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களுள் டைட்டானியமும் ஒன்று. அதன் தாதுவான இல்மனைட்டு, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலில் செறிந்துள்ளது. அம்மணல் உயர்மதிப்புப் பொருளாக மாறும் வழியில் நிற்பது டைட்டானியம் டெட்ராகுளோரைடு. பக்குவப்படுத்திய தாதுவைக் கரியுடன் கலந்து, 900 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் குளோரினைச் செலுத்தினால் இது கிடைக்கும். நிறமற்ற திரவம், ஏறத்தாழ 136 பாகையில் கொதிக்கும், ஈரக்காற்று பட்டதும் வெண்புகை கக்கும்.

இதனை ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்தால் வண்ணப்பூச்சுக்கான வெண்ணிறமி கிடைக்கிறது. மக்னீசியத்தால் ஒடுக்கினால், விமானங்களுக்கும் விண்கலங்களுக்கும் வேண்டிய உலோகம் பஞ்சு வடிவில் கிடைக்கிறது. மக்னீசியம் குளோரைடின் மேல் ஏற்றி, அலுமினிய ஆல்கைல் சேர்மத்துடன் இணைத்தால், பாலிபுரொப்பிலீனை உருவாக்கும் வினையூக்கியாகிறது. அவ்வினையூக்கிகளுக்கு வழிவகுத்த சீக்ளரும் நட்டாவும் 1963இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வழியில் இந்தியா நடக்காமலில்லை. ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடும் இஸ்ரோவின் நிதியோடும், ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் பஞ்சு ஆலை 2011இல் சவராவில் தொடங்கப்பட்டது. ஆயினும் உலகளவில் டைட்டானியத் தாதுவின் பெரும்பகுதி நிறமியாகவே முடிகிறது.

மணல் அகழ்வின் சுமையைத் தாங்குவோர் கடற்கரை மக்கள். கரையரிப்பும் மோனசைட்டின் கதிரியக்கமும் குமரிக்கரையில் நெடுநாளைய கவலைகள். அவர்களிடம் மேலும் நிலம் கேட்கும் முன், எடுத்த மணலிலிருந்து எவ்வளவு மதிப்பை உருவாக்கினோம் என்று அரசு கணக்குச் சொல்ல வேண்டும்.

இக்குளோரைடு அரிப்புத்தன்மை மிக்கது, மாணவர் கையாளத்தக்கதன்று என்பர் சிலர். அபாயம் உண்மையே, அதனாலேயே முறையான பயிற்சி தேவைப்படுகிறது. ஈரம் புகாத ஆய்வுக்கூடங்கள், குளோரின் மீட்பு, மக்னீசியம் குளோரைடை மின்பகுத்து மறுசுழற்சி செய்தல், வினையூக்கி வடிவமைப்பு ஆகியவற்றில் பல்கலைக்கழகங்கள் ஆள்களை உருவாக்க வேண்டும். 2025இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம், சுரங்க ஏலத்துக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டட்டும். தூதரகங்களில் எத்தனை கனிம ஒப்பந்தங்கள் பேசப்பட்டாலும், குளோரைடைக் கையாளத் தெரிந்த கைகள் இல்லையெனில் மணல் மணலாகவே கப்பலேறும்.