நமது வாகனம்: குறைந்தது எங்கே போயிற்று?

பங்குனி பிறந்து நாகபுரியில் வெயில் ஏறத் தொடங்கியதும் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. குளிர்காலத்தில் டயரைப் பற்றியும் இன்ஷ்யூரன்ஸைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்த அன்பர்கள் இப்போது ஏ.ஸி.யைப் பற்றிக் கேட்கிறார்கள். சமீப காலமாக ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளைப் பற்றிய கேள்விகளும் பெருகியிருக்கின்றன. பழைய வண்டி வாங்கினாலும் ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கும் வழக்கம் நம்மவர் இல்லங்களில் வந்துவிட்டது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், புதிதாக ஓட்டப் பழகும் பெண்மணிகளுக்கும் கிளட்சை மிதிக்கும் வேலை இல்லாதது பெரும் சௌகரியம். ஆனால் பழுது என்று வந்துவிட்டால், பட்டறைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது.

இவ்விரண்டையும் இம்மாதம் ஒருசேர எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கியர்பாக்ஸிலுள்ள எண்ணெயும் சரி, ஏ.ஸி.க்குள் ஓடும் குளிர்வாயுவும் சரி, மூடிய அமைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருபவை. பெட்ரோலைப் போல் எரிந்து தீர்பவை அல்ல. ஆகவே அவை குறைந்திருந்தால், எங்கே போயிற்று என்று கேட்டு விடை காணாமல் மேலே ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதற்கு ஒப்பாகும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தயங்கி நம் குடும்பங்கள் இழந்த பணம் கொஞ்சமல்ல.

முதலில், ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு யந்திரங்கள் உலவுகின்றன என்பதை அறிய வேண்டும். 2014-ஆம் ஆண்டில் மாருதி சுஸுகி செலெரியோ வண்டியுடன் நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்பது உண்மையில் சாதாரண கியர்பாக்ஸே. கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதில் கோளாறு என்றால் பெரும்பாலும் கிளட்ச் தட்டையோ அந்தக் கருவியையோதான் பார்க்க வேண்டும். ஸி.வி.டி. என்பதில் பற்சக்கரங்களின் வரிசைக்குப் பதிலாக, அகன்று குறுகும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. இரட்டைக் கிளட்ச் வண்டிகள் வேறு இனம். பழைய முறையான ஆட்டோமேட்டிக்கோ, டார்க் கன்வர்ட்டர் என்னும் எண்ணெய்ச் சக்கரத்தை நம்பியது. இவற்றில் எது தம் வண்டியில் இருக்கிறது என்று தெரியாமலே பட்டறைக்குப் போகிறவர்கள் பலர். வண்டியுடன் தந்த கையேட்டில் அது அச்சாகியிருக்கிறது. புரட்டிப் பார்த்துவிட்டுப் போவது நலம்.

டார்க் கன்வர்ட்டரின் தத்துவத்துக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் பட்டிங்கர் 1905-இல் பேடண்ட் பெற்றார். எஞ்சின் சுழற்றும் ஒரு விசிறி எண்ணெயை வீச, அந்த வேகத்தில் எதிரேயுள்ள மற்றொரு விசிறி சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே சக்தியைக் கொண்டு செல்வது எண்ணெய்தான். ரயில்வேக் குடும்பத்தினருக்கு இது புதிதல்ல. சித்தரஞ்சன் தொழிற்சாலை கட்டிய டபிள்யூ.டி.எஸ்-4 என்னும் ஷண்டிங் எஞ்சின்கள் எண்ணெயின் வழியாகவே சக்கரங்களுக்குச் சக்தி செலுத்தியவை. சூரி என்னும் இந்தியப் பொறியாளரின் பெயரால் வழங்கிய அமைப்பு அவற்றில் இருந்தது. காரில் இந்த எண்ணெய் இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதுவே. சூட்டை வாங்கி வெளியே கொண்டு செல்வதும் அதுவே. எண்ணெய் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் எரியும்.

நிற்க. காம்ப்டி ரோடு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் வாங்கிய பழைய வண்டி, நண்பகல் வெயிலில் லீவரை 'டி'யில் போட்டதும் இரண்டு விநாடி சும்மா நின்றுவிட்டுப் பிறகு வெடுக்கென்று கிளம்புகிறதாம். ஒரு பட்டறையில் காட்டியபோது, எதையும் திறந்து பாராமலே, "கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுவதும் இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லி, வண்டி வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்ததோ பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்த பணம். வைகாசியில் திருநெல்வேலியில் கல்யாணம். மாமியாரையும் அழைத்துக்கொண்டு வண்டியிலேயே போவதாக ஏற்பாடு. "அவர் ஷிப்ட் முடிந்து வந்து பேச்சின்றி உட்கார்ந்திருக்கிறார். கட்டணப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று முடித்திருந்தார்.

இடார்ஸி டீஸல் ஷெட்டில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே இருந்தது. வெள்ளைக் காகிதத்தில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தார். நிறம் செம்பழுப்பு, தீய்ந்த வாடை இல்லை.

"தம்பி, இது எரிந்த எண்ணெய் அல்ல, குறைந்த எண்ணெய். எரிந்திருந்தால் உள்ளே பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் வெளியே பார்க்க வேண்டும்" என்றார்.

வண்டிக்கடியில் அட்டையை விரித்து வைத்ததில், அரை மணி நேரத்தில் ரேடியேட்டரை ஒட்டிய எண்ணெய்க் குழாய் இணைப்பின் நேர் கீழே சிவப்புப் பொட்டு விழுந்தது. பிறகு வேறொரு பட்டறையில் அந்தக் குழாயையும் பிடிப்பையும் மாற்றி, கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார்கள். உள்ளிருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு மட்டுமே ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். வடிகட்டியை மாற்றி, கையேடு குறிப்பிட்ட ரக எண்ணெயே ஊற்றப்பட்டது. அந்தத் தயக்கமும் வெடுக்கென்ற இழுப்பும் நின்றன. கட்டணப் பணம் கல்லூரிக்கே போயிற்று.

பெரியவர் செய்தது ரயில்வேயில் வழக்கமான காரியம். டீஸல் ஷெட்களில் எஞ்சின் எண்ணெயின் மாதிரியை எடுத்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதனைக்கூடத்தில் பார்ப்பார்கள். எஞ்சினைத் திறக்காமலே எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிக்க அது உதவும். காருக்குச் சோதனைக்கூடம் இல்லை. கண்ணும் மூக்கும் உண்டு. அளவுக்கம்பி வைக்காத வண்டிகளே இப்போது அதிகம். அவற்றில் எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பக்கத்து அடைப்பானைத் திறந்து, வழிகிறதா என்று பார்ப்பதே முறை. அதைப் பட்டறையில்தான் செய்ய இயலும். கம்ப்யூட்டர் கருவியைச் செருகிப் பிழைக் குறிகளைப் படிக்கச் சொல்வதும் அவசியம். ஒரு ஸென்ஸரோ, தளர்ந்த மின் இணைப்போ, எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் ஸாலினாய்டு ஒன்றோ கெட்டதற்காக முழு கியர்பாக்ஸையும் பிரித்த கதைகள் உண்டு.

எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீசி, அடித்தட்டில் கறுப்புத் துணுக்குகளும் உலோகச் சில்லுகளும் கிடந்தால் மட்டும் பிரிப்பதைத் தள்ளிப்போட வழியில்லை. அஜ்னியில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், மேட்டில் வண்டி வழுக்குவதை அறிந்தும் நாலைந்து மாதம் ஓட்டினார். அவருக்குப் பிரித்தே ஆக வேண்டியதாயிற்று. அந்த வேலையை நன்றாகச் செய்தார்கள். நாமும் இரண்டு நாள் மாலையில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேய்ந்த தட்டுகளை மாற்றுவது மட்டும் ஓவர்ஹால் ஆகாது. ரப்பர் ஸீல்களும் வளையங்களும் அனைத்தும் புதியவை. புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்த பிறகே பூட்டினார்கள். ஒவ்வொரு கிளட்சிலும் இடைவெளியை மெல்லிய தகட்டு அளவையால் அளந்தார்கள். மூடுவதற்கு முன் காற்றைச் செலுத்தி ஒவ்வொரு பிஸ்டனும் அசைகிறதா என்று பார்த்தார்கள். இவற்றைவிட முக்கியம், கன்வர்ட்டரை மாற்றியதும், குளிர்விக்கும் குழாய்களைக் கழுவியதும். பழைய துணுக்குகள் அவ்விரண்டிலுந்தான் பதுங்கியிருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புது கியர்பாக்ஸ் போட்டாலும் சில நாளில் அதே கதிதான். இறுதியில், புதுத் தட்டுகளுக்கு ஏற்ப வண்டியின் கம்ப்யூட்டர் மறுபடி பழகுவதற்கான காரியத்தையும் கருவி கொண்டு செய்தார்கள். கழற்றிய பழைய உதிரிகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நம் ஸ்டோர்ஸில் பழையதை ஒப்படைத்துப் புதியதை வாங்குவோம், இங்கே தலைகீழ்.

'வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்' என்று சிலர் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் சொல்வதில்லை. 45 டிகிரியைத் தொடும் ஊரில், நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு, கையேட்டில் கடும் உபயோகத்துக்கென்று ஒரு கெடு போட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். வடிக்கும்போது பாதி எண்ணெய்கூட வெளிவராது. மீதி கன்வர்ட்டரில் தங்கும். ஆதலால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மீண்டும் ஒருமுறை மாற்றுவது உத்தமம். மற்றொன்று: இத்தகைய வண்டி வழியில் நின்றால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். உள்ளே எண்ணெயைச் செலுத்தும் பம்ப் எஞ்சினோடு நின்றுவிடும். பற்சக்கரங்கள் வறண்டு சுழலும். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கியர்பாக்ஸுக்கும் ஏ.ஸி.க்கும் வண்டியின் முகப்பில் ஓர் உறவு இருக்கிறது. ஏ.ஸி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் முன்னே நிற்கிறது. அதன் பின்னே ரேடியேட்டர். பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் அந்த ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். விதர்ப்பத்துச் சாலைப் புழுதியும் பருத்திப் பஞ்சும் கண்டென்ஸரை அடைத்துக்கொண்டால், உள்ளே குளிரும் குறையும், கியர் எண்ணெயும் கொதிக்கும். பின்னாலுள்ள மின்விசிறி நின்றாலும் அப்படியே. கோடைக்கு முன் மெல்லிய நீர்வீச்சில் அதைக் கழுவச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

இனி ஏ.ஸி. ஆண்டுதோறும் சித்திரையில் 'காஸ்' நிரப்பிக்கொள்வதை ஒரு சடங்காகவே பலர் செய்து வருகிறார்கள். 1930-களில் பிராண்டியர் மெயில் ரயிலின் பெட்டிகளைப் பனிக்கட்டிப் பாளங்களைக் கொண்டு குளிர்வித்தார்கள். பனிக்கட்டி கரையும், கரைந்தால் மறுபடி வைத்துத்தான் ஆக வேண்டும். காரின் குளிர்வாயு அப்படியல்ல. அது திரவமாகி, ஆவியாகி, மீண்டும் திரவமாகி அதே குழாய்களில் சுற்றுகிறது. ஒரே கோடையில் குளிர் போய்விட்டால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். வாயுவுடன் கம்ப்ரெஸருக்கு வேண்டிய எண்ணெயும் சிறிது சிறிதாக வெளியேறும். மூன்று நான்கு சித்திரைகள் இப்படிக் கழிந்தால் கம்ப்ரெஸரே இறுகிப்போகலாம்.

காஸ் நிரப்பச் சொல்வதற்கு முன், கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் காற்று வடிகட்டியைப் பாருங்கள். குளிர் வரவில்லை என்று வந்த வண்டிகளில் அது தூசியால் அடைபட்டிருந்ததை நாமே கண்டிருக்கிறோம். அது சரியாயிருந்தால் கசிவைத் தேடச் சொல்ல வேண்டும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிச் சோப்பு நீர் தடவியோ, ஒளிரும் சாயம் கலந்தோ, மோப்பக் கருவியாலோ கண்டுபிடிப்பார்கள். டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் எவாப்பரேட்டரில் கசிவு இருந்தால் வேலை பெரிது. எனினும் அதைச் செய்யாமல் காஸ் ஊற்றுவதில் பயனில்லை. கசிவை அடைத்தபின், ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் வெற்றிடம் இழுக்க வேண்டும். வெற்றிடத்தில் உள்ளிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறும். இழுத்தபின் சிறிது நேரம் அப்படியே நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எவ்வளவு நிரப்புவது என்பது கைக்கணக்கு அல்ல. பானெட்டுக்கடியில் ஒட்டியுள்ள சீட்டில் இத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். அதிகமானாலும் குளிர் குறையும். வாயுவின் இனமும் அதே சீட்டில் உண்டு. ஓஸோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரீலில் ஏற்பட்ட உடன்படிக்கையின் விளைவாகப் பழைய ஆர்-12 ஒழிந்து ஆர்-134ஏ வந்தது. புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எப் இருக்கிறது. ஒன்றுடன் மற்றொன்றைக் கலக்கலாகாது. மலிவு என்று சமையல் காஸ் இனத்தைச் சேர்ந்த வாயுவை ஏற்றும் தெருக்கடைகளும் உள்ளன. குழந்தைகள் உட்காரும் வண்டியில் தீப்பற்றும் பொருளைச் சுமந்து திரிய வேண்டாம். பில்லில் வாயுவின் பெயரையும், ஏற்றிய கிராமையும், கசிவு கண்ட இடத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஏ.ஸி. ஓடியபின் வண்டிக்கடியில் தெளிந்த தண்ணீர் சொட்டுவதைக் கண்டு பயந்து எழுதிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவதே. நிறமும் பிசுபிசுப்பும் இல்லாவிடில் கவலை வேண்டாம். அந்த நீர் வெளியே சொட்டாமல், முன்னிருக்கையின் காலடிக் கம்பளம் நனைந்திருந்தால் மட்டும் வடிகுழாயைச் சுத்தம் செய்யச் சொல்லவும்.