ஒரே சட்டையில் இரண்டு கொடி

2016 ஜூன் 11. பிரான்ஸின் லான்ஸ் நகரில் யூரோ கோப்பை ஆட்டம். சுவிட்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதின. பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு தாயின் டி-சர்ட்டில் பாதி சுவிஸ் கொடி, பாதி அல்பேனியக் கொடி. இரண்டுமே சிவப்பு, ஒன்றில் வெள்ளைச் சிலுவை, மற்றதில் இருதலைக் கருங்கழுகு. களத்தில் மூத்த மகன் டௌலான்ட் ஜாக்கா அல்பேனியாவுக்காகவும், இளையவர் கிரானிட் ஜாக்கா சுவிட்சர்லாந்துக்காகவும் ஆடினார்கள். யூரோ வரலாற்றில் உடன்பிறந்தவர்கள் எதிரெதிராக ஆடியது அதுவே முதல்முறை.

இருவரும் பிறந்தது சுவிஸ் நகரமான பாசலில். பெற்றோர் கொசோவோ அல்பேனியர்கள். யூகோஸ்லாவிய அரசை எதிர்த்துப் போராடியதற்காகத் தந்தை மூன்று ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்தவர். அந்த வலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

2018 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்தின் எதிரணி, கொசோவோவைத் தனிநாடாக ஏற்காத செர்பியா. கோல் அடித்த கிரானிட், கைகளைக் குறுக்கே வைத்து, கட்டைவிரல்களைக் கோத்து, மற்ற விரல்களைச் சிறகாக விரித்தார். அல்பேனியக் கழுகு! கொசோவோவில் பிறந்த சக சுவிஸ் ஆட்டக்காரர் ஷாச்சிரியும் தன் கோலுக்குப் பின் அதையே செய்தார். இருவருக்கும் தலா 10,000 பிராங்க் அபராதம் விதித்தது ஃபிஃபா.

அதைவிட வலித்தது, அடுத்து வந்த பேச்சு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை அணிக்கு எடுக்கத்தான் வேண்டுமா என்று சுவிஸ் கால்பந்துச் சங்கத்தின் உயர் நிர்வாகி ஒருவரே கேட்டார். கண்டனம் கிளம்பியதும் சங்கம் வருத்தம் தெரிவித்தது.

அதே ஆண்டு ஜெர்மனியிலும் வேறு மண்ணில் வேர் உள்ள ஆட்டக்காரர்கள் மீது இதே சந்தேகம் எழுந்தது. கெல்சென்கிர்ஷனில் பிறந்து, 2014இல் உலகக் கோப்பை வென்ற மெசுத் ஓசில், துருக்கி அதிபருடன் எடுத்த படத்துக்காக வசை வாங்கினார். வென்றால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று தன்னை நடத்துவதாகச் சொல்லி, தேசிய அணியிலிருந்து விலகினார்.

அந்த அரசியல்வாதியுடன் படம் எடுத்ததைக் குறை சொல்லலாம், கேள்வி கேட்கலாம். ஆனால், பெற்றோரின் மண்ணை நேசிப்பதையே துரோகமாகப் பார்ப்பது அநியாயம். செர்பியாவுடனான ஆட்டத்தில் அல்பேனிய வேரே இல்லாத சுவிஸ் கேப்டன் லிக்ட்ஸ்டைனரும் அந்தக் கழுகுச் சைகையைக் காட்டி அபராதம் கட்டினார். சக ஆட்டக்காரர்களின் மனசு அவருக்குப் புரிந்திருந்தது.

சுவிட்சர்லாந்துக்காக அதிக ஆட்டங்கள் ஆடிய ஹெய்ன்ஸ் ஹெர்மானின் 118 ஆட்டச் சாதனை 2023இல் முறியடிக்கப்பட்டது. முறியடித்தவர், கிரானிட் ஜாக்கா.