ஒன்பது சீசன் ஓடினவனுக்கு ஒரு சீன் கூட இல்லையா?

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. ‘ஃப்ளாஷ்’னு சொன்னதும் உங்க கண்ணு முன்னாடி வர்ற முகம் யாரோடது?

எங்க ஹாஸ்டல்ல கேட்டா பதில் ஒண்ணுதான்: கிராண்ட் கஸ்டின். ஒரே ஹார்ட் டிஸ்க் ரூம் ரூமாகச் சுற்றி, இன்டர்னல் தேர்வுக்கு முந்தின ராத்திரி கூட “இன்னும் ஒரே ஒரு எபிசோடுடா” என்று எங்களை உட்கார வைத்தவர் அவர். மொத்தம் ஒன்பது சீசன், 184 எபிசோடு. ஆனால் 2023 ஜூனில் ஃப்ளாஷுக்குன்னு தனிப்படம் வந்தபோது, அந்தச் சிவப்பு உடைக்குள் இருந்தவர் எஸ்ரா மில்லர்.

“நடிகரை மாத்துறது சகஜம்தானே, இதுல என்ன?” என்று கேட்பீங்க. கொஞ்சம் தேதிகளைப் பாருங்க. கஸ்டின் நடித்த தொடரின் முதல் எபிசோடு ஒளிபரப்பானது 2014 அக்டோபர் 7. அடுத்த வாரமே வார்னர் பிரதர்ஸ் தன் வருங்காலப் படங்களின் பட்டியலை வெளியிட்டு, படத்தில் ஃப்ளாஷ் எஸ்ரா மில்லர்தான் என்று அறிவித்துவிட்டது. அதாவது, கஸ்டின் இந்த வேடத்துக்குத் தேறுவாரா மாட்டாரா என்று ஊருக்குத் தெரிவதற்கு முன்னாடியே “நீ டிவிக்கு, அவர் சினிமாவுக்கு” என்று கோடு போட்டாச்சு. அவர் நல்லா நடிச்சாலும் அந்தக் கோடு நகராது, சொதப்பினாலும் நகராது. என் கோபமே அந்த இடத்துலதான்.

ஸ்டூடியோ பக்கம் நியாயமே இல்லையான்னா, இருக்கு. சீசனுக்கு இருபத்து சொச்சம் எபிசோடு எடுக்கும் தொடர் என்றால் வருஷத்தில் பெரும்பகுதி ஷூட்டிங்கிலேயே போய்விடும். நடுவில் ஒரு பெரிய படத்துக்கு மாதக்கணக்கில் தேதி கொடுப்பது லேசில்லை. வாராவாரம் வீட்டிலேயே பார்க்கிற முகத்துக்குக் காசு கொடுத்து யார் தியேட்டருக்கு வருவாங்க என்ற பயமும் இருக்கும். எஸ்ரா மில்லரும் நடிக்கத் தெரியாதவர் இல்லை. ‘வீ நீட் டு டாக் அபவுட் கெவின்’ பார்த்தவங்களுக்கு அது தெரியும். திரைக்கு வெளியே அவரைப் பற்றி வந்த செய்திகளை நான் இந்த வாதத்துக்குள் இழுக்கவில்லை.

சரி, டிக்கெட் கணக்காவது நின்னுச்சா? சுமார் 20 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 27 கோடி டாலர். தியேட்டர்காரர் பங்கையும் விளம்பரச் செலவையும் கழிச்சுப் பார்த்தா நஷ்டம். அதுக்கு நடிகரை மட்டும் காரணம் சொல்றது தப்பு. கதை, கிராபிக்ஸ் எல்லாத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் “சினிமா முகம் இருந்தா கூட்டம் தானா வரும்” என்ற கணக்கு பொய்யாப் போச்சு, அவ்வளவுதான்.

இதைவிட வயிற்றெரிச்சல் அந்தப் படத்தின் கிளைமாக்ஸ். பல பிரபஞ்சங்கள் மோதுகிற காட்சியில் பழைய சூப்பர்மேன்கள் எல்லாம் வர்றாங்க. 1950-களில் டிவி சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸைக் கூட, அவர் இறந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டுவந்தாங்க. உயிரோட இருக்கிற, தொடரை முடித்து ஒரு மாசம் கூட ஆகாத கஸ்டினுக்கு ஒரு நொடி கூட இல்லை. இத்தனைக்கும் 2020-ல் எஸ்ரா மில்லர் டிவிக்கு வந்து, ரெண்டு ஃப்ளாஷும் நேருக்கு நேர் சந்திச்சாங்க. டிவி சினிமாவுக்குக் கதவைத் திறந்துச்சு, சினிமா திருப்பித் திறக்கலை.

டிவி நடிகர் என்றாலே தங்கம் என்று சொல்ல வரலை. ‘ஈஆர்’ தொடரில் டாக்டராகக் கலக்கிய ஜார்ஜ் க்ளூனி, 1997-ல் பேட்மேனாகி, பின்னாடி பேட்டிகளில் அவரே மன்னிப்புக் கேட்கிற நிலைமைக்குப் போனார். மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் மெகா சீரியலில் நடித்துக்கொண்டிருந்த கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தை விட்டு வேறொரு தோரை உங்களால் யோசிக்க முடியுதா? டிவி காமெடித் தொடரில் தொப்பையோடு சுற்றிய கிறிஸ் பிராட்தான் 2014-ல் ஸ்டார் லார்ட். நம்ம ஊரிலும் விஜய் டிவி மேடையிலிருந்து வந்த சிவகார்த்திகேயனை வைத்து 2019-ல் ‘ஹீரோ’ எடுத்தாங்க. அந்தப் படத்தில் ஆயிரம் குறை சொல்லலாம், “இவர் டிவி ஆள்” என்பது அதில் ஒண்ணு இல்லை.

டேர்டெவிலையும் எடுத்துக்கோங்க. 2003-ல் படத்தில் பென் அஃப்ளெக், 2015-ல் நெட்ஃபிளிக்ஸில் சார்லி காக்ஸ். 2021-ல் ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தில் ஜன்னல் வழியா வந்த செங்கல்லை ஒரு வக்கீல் ஒரே கையால் பிடிக்கிற காட்சியில் நீங்க கத்தினது யாருக்காக? காக்ஸுக்காக. ஒரு நிமிஷ சீன்தான். ஆனா அதுக்குப் பின்னாடி மூணு சீசன் உழைப்பு இருந்துச்சு. பார்க்கிறவனுக்கு டிவி, சினிமா என்ற சுவர் கிடையாது. அது ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவங்க கட்டினது.

புது முகத்தை நம்ப பயமா இருந்தா, அதுக்கும் 1978-லேயே வழி காட்டியாச்சு. அப்போ சூப்பர்மேனாக வந்த கிறிஸ்டோபர் ரீவ் நாடக மேடையிலும் ஒரு டிவி சீரியலிலும் நடித்திருந்தவர், சினிமாவில் யாருக்கும் பெரிதாகத் தெரியாதவர். போஸ்டருக்கு மார்லன் பிராண்டோ, ஜீன் ஹேக்மேன் என்று பெரிய பேர்களைத் துணை வேடங்களில் போட்டுட்டு, ஹீரோ வேடத்தை அதுக்குப் பொருத்தமானவர்கிட்ட கொடுத்தாங்க. விளைவு ஊருக்கே தெரியும்.

ஒரு சீரியலுக்காக நான் ஏன் இவ்வளவு பேசுறேன்னு தோணும். நான் டிப்ளமோ முடிச்சிட்டு நேரா ரெண்டாம் வருஷத்துல சேர்ந்த லேட்டரல் என்ட்ரி ஆளு. வந்த முதல் வாரமே, புராஜெக்ட் குழு பிரிக்கும்போது “லேட்டரலா? மேத்ஸ் வராதே” என்று ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். மேத்ஸ் எனக்குத் தகராறுதான், ஒத்துக்கிறேன். ஆனா லேத்துக்கு முன்னாடி மூணு வருஷம் நின்னவன் நான். அவன் என்னை மெஷின் முன்னாடி நிறுத்திப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது.

அதனால நான் கேட்கிறது “டிவி நடிகருக்கே கொடுங்க” என்று இல்லை. ஆடிஷன் வையுங்க. ரெண்டு பேரையும் அதே உடையைப் போட்டு ஓடவிட்டுப் பாருங்க. தோத்தா தோத்துட்டுப் போறான். எங்கிருந்து வந்தான்னு பார்த்துட்டு வாசல்லயே நிறுத்தாதீங்க.

அடுத்த செமஸ்டர் உங்க புராஜெக்ட் குழுவுக்கும் ஆள் எடுப்பீங்க. அப்போ இது கொஞ்சம் ஞாபகம் இருக்கட்டும்.