நீலத்திரை சொல்வதைப் படித்தோமா?

கடந்த தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன், பீடோரில் எங்கள் வீட்டுக் கணினியில் முதன்முறையாக நீலத்திரை வந்தது. அம்மா முறுக்கு ஆர்டர்களை எக்செலில் பதிந்துகொண்டிருந்தபோது திரை முழுவதும் நீலமாகி, ஒரு சோக முகமும் சில ஆங்கில வரிகளும் தோன்றின. பிறகு கணினி தானாகவே மூடித் திறந்துகொண்டது. அன்றிரவே இன்னும் இரண்டு முறை அப்படி ஆனது.

நான் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். அம்மா கணினியைக் கடைக்கு எடுத்துச் சென்றார். “வைரஸ். ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும், எண்பது வெள்ளி” என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்து அம்மாவும் சொல்லவில்லை. மூன்று தீபாவளிகளின் கணக்கும், வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களும், எஸ்பிஎம் தேர்வுக்காகத் தங்கை சேர்த்து வைத்திருந்த பயிற்சித் தாள்களும் போய்விட்டன. நான்காம் நாள் நீலத்திரை மறுபடியும் வந்தது.

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தேன். கணினித் துறை மாணவன் அல்லன் நான். செய்தது ஒன்றுதான்: நீலத்திரை வரும்போதெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்தேன். அதன் அடியில் ‘ஸ்டாப் கோட்’ என்று ஒரு வரி இருக்கும். ஒருமுறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’, அடுத்த முறை ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’, பிறகு வேறொன்று. ஒரே வரி ‘.sys’ என்று முடியும் ஒரே கோப்பின் பெயருடன் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கோப்புக்குரிய டிரைவர் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். வரி ஒவ்வொரு முறையும் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது நினைவகத்தை, அதாவது ரேமை.

விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற சோதனை இருக்கிறது. தேடல் பெட்டியில் தட்டினால் வரும்; செலவில்லை. ஓடவிட்டேன். வன்பொருள் கோளாறு என்று காட்டியது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். (பல்லி எச்சமும் ஐந்து ஆண்டுத் தூசியும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) இரண்டு ரேம் பட்டைகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துச் சோதித்தோம். பிறகு மாற்றி வைத்துச் சோதித்தோம். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. கெட்டதை எடுத்த பிறகு நீலத்திரை வரவேயில்லை.

ஃபார்மட் செய்வது மென்பொருளைத்தான் புதிதாக்கும். கெட்டுப்போன ரேமை அது தொடக்கூட இல்லை. எண்பது வெள்ளி கொடுத்து எங்கள் கோப்புகளை நாங்களே அழித்திருக்கிறோம்.

கடைக்காரரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரேமை முறையாகச் சோதிக்கப் பல மணி நேரமாகலாம், அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் நாம் கொடுப்போமா? ஆனால் ‘கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைக்கட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வார்த்தையை நாமே கேட்கத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நீலமாயின. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் பயணிகள் நீண்ட வரிசையில் நிற்க, ஏர்ஆசியா பணியாளர்கள் பதிவு வேலையைக் கையால் செய்தார்கள். இந்தியாவில் சில விமான நிலையங்களில் பயண அட்டையைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் வைரஸ் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்புக் கோப்பில் பிழை இருந்தது. அந்தக் கோப்பைப் படிக்கப்போன மென்பொருள், நினைவகத்தில் தனக்குரிய எல்லையைத் தாண்டிப் படிக்க முயன்றது. விண்டோஸ் உடனே எல்லாவற்றையும் நிறுத்தியது. உட்கருவில் பிழை தெரிந்தால் தரவு மேலும் கெடாமலிருக்க அப்படி நிறுத்துவதுதான் அதன் வேலை. பொறியாளர்கள் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான கணினிகளை சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கினால் போதுமாக இருந்தது.

விமான நிலையக் கணினிக்கு அந்தப் பொறுமை கிடைக்கிறது. தாமான் வீட்டுக் கணினிக்கு ஏன் கிடைப்பதில்லை?

படிவம் ஒன்று முதல் மூன்று வரை கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் எடுத்தவன் நான். இரட்டை எண்முறை தெரியும், படிமுறைத் தீர்வு வரையத் தெரியும். ஆனால் ஒரு கணினிப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்ததே இருபது வயதில்தான். பள்ளிக் கணினிக் கழகங்கள் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் என்ன? ஒரு பழைய கணினி, ஒரு திருப்புளி, ஒரு யுஎஸ்பி போதும். ரேம் எது, வன்தட்டு எது, கோப்புகளை எப்படி வெளியே எடுப்பது என்று ஒரு காலைப்பொழுதில் காட்டிவிடலாம். நம் இயக்கங்கள் மாணவர்களுக்குக் கணினி வழங்கும்போது படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிறோம். அது நல்ல காரியம்தான். ஆறு மாதம் கழித்து அதே கணினிகள் ஓடுகின்றனவா என்றும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சமீபத்திய விண்டோஸ் 11-இல் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது, சோக முகத்தையும் எடுத்துவிட்டார்கள். ஸ்டாப் கோட் வரி மட்டும் இன்னும் இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் தாள்களில் பாதியை அவள் தோழிகள் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவின் கணக்கு திரும்பவில்லை. இந்த ஆண்டு அவர் எக்செலில் பதிந்த பிறகு, ஒவ்வோர் ஆர்டரையும் 555 நோட்டிலும் எழுதிக்கொள்கிறார். வாரம் ஒருமுறை யுஎஸ்பியில் நகல் எடுத்தாயிற்றா என்று எனக்கு ஃபோன் செய்து சொல்லச் சொன்னேன். இரண்டு வாரம் சொன்னார். மூன்றாம் வாரத்திலிருந்து நான்தான் அழைத்துக் கேட்கிறேன்.